ஒப்பித்ததும் ஒப்புக்கொண்டதும்

மத்தியானச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் போனால் லேபிள் கொட்டகைக்குள் ஒரு மயக்கம் வந்து இறங்கும். பசைச் சட்டியில் புளித்த மைதா வாசனை, பக்கத்துக் கொட்டகையில் மெழுகு காய்ச்சுகிற வாசனை, வெளியே சூடேறிக் கிடக்கிற கரிசல் மண்ணின் வாசனை, எல்லாம் ஒன்றாகக் கலந்து இமையை அமுக்கும். கை மட்டும் தூங்காது. லேபிளை எடுக்கும், முதுகில் பசை தடவும், தீப்பெட்டி மேல் வைத்துக் கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுக்கும், தட்டில் அடுக்கும். கூரைத் தகரத்து ஓட்டைகள் வழியாக விழுந்த வெளிச்சம் சின்னச் சின்ன வட்டங்களாகத் தரையில் நகர்ந்துகொண்டிருக்கும். முப்பது நாற்பது பெண்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் காகிதம் உரசுகிற சத்தம் மட்டும் கேட்கும். இப்போதும் நான் பகலில் கண்ணை மூடினால் முதலில் வருவது அந்தச் சத்தம்தான்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. ஐம்பதுகள் முடிந்து அறுபது பிறந்த சமயம். சாத்தூர்ப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊரிலிருந்து ஒரு மைல் நடந்தால் அந்தத் தீப்பெட்டி ஆபீஸ். தொழிற்சாலை என்றெல்லாம் எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. கொட்டகையில் தரையில் உட்கார்ந்து பசை தடவினாலும் அது ஆபீஸ்தான். தூக்குச்சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு “ஆபீசுக்குப் போறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புவோம்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். கடைசித் தம்பி பிறந்தான், தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது, அத்தோடு சிலேட்டு பரணுக்குப் போய்விட்டது. ஆனாலும் அந்தக் கொட்டகையில் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்கள் நாலைந்து பேர்தான் என்பதால் எனக்குப் ‘படிச்ச புள்ள’ என்று பேர். நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் கோயிலிலும் எனக்கு ஒரு பேர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் வருஷா வருஷம் வசனம் சொல்லிப் பரிசு வாங்குகிறவள் நான். அதிகாரம் அதிகாரமாக ஒப்பிப்பேன். ஒரு எழுத்துத் தவறாது.

இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பயத்தினால் வந்த பழக்கம் அது. எனக்குச் சின்ன வயசிலிருந்தே பயம். அடுப்பை அணைத்தேனா, கோழியை அடைத்தேனா, அப்பாவுக்குக் கஞ்சி மூடி வைத்தேனா என்று ஒரு மைல் நடப்பதற்குள் மூன்று தடவை திரும்பிப் பார்ப்பேன். வானத்தில் மேகம் கூடினால் பயம், கூடாவிட்டாலும் பயம். வசனத்தைச் சொல்லிக்கொண்டே நடந்தால் கொஞ்ச நேரம் மனசு அமர்ந்திருக்கும். சிலபேர் வெற்றிலை போடுகிற மாதிரி நான் வசனம் போட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இடது பக்கம் ஒரு அக்கா உட்காருவாள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. முப்பத்தைந்து வயசிருக்கும். இந்துக் குடும்பம். வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம், மழை பெய்தால் விவசாயி, பெய்யாவிட்டால் வண்டி ஓட்டுவார். அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. அவரவர் தட்டில் அவரவர் நம்பரைச் சாக்குக்கட்டியால் எழுதவேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். அவள் மட்டும் நம்பருக்குப் பதிலாக ஒரு பெரிய பொட்டு வைப்பாள். கணக்கப்பிள்ளையும் அவளைப் ‘பொட்டு’ என்றே கூப்பிடுவார். எங்கள் எல்லாரையும் வேலை வாங்கி, தட்டுகளைப் பார்த்து, லோடு ஏற்றி அனுப்புகிறவர் அவர்தான்.

என் மூலையில் காற்று வராது. ஒட்டிய லேபிள் காயாமல் சுருண்டுகொள்ளும். அக்காவின் இடத்துக்கு நேரே ஜன்னல். “ஏ புள்ள, ஒன் பெட்டியையும் இதுலயே அடுக்கு, காத்துல காஞ்சிரும்” என்று அவள்தான் தன் தட்டை நகர்த்தித் தருவாள். காய்ந்த பிறகு பிரித்துக்கொள்வோம். பிரிக்காமலே போன நாட்களும் உண்டு.

அந்த வருஷம் தை மாதத்தில் வடநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது. சிவகாசி அச்சாபீசிலிருந்து லேபிள் கட்டுகள் வந்து இறங்கின. பெட்டியின் அடிப்பக்கம் கம்பெனிப் பேர் முன்பே ஒட்டியிருக்கும், அதன் தலைப்பக்கமும் லேபிளின் தலைப்பக்கமும் ஒன்றாக வரவேண்டும். நாங்கள் அதுவரை ஒட்டியதெல்லாம் கிளி, மான், யானை என்று கால் கீழே தலை மேலே உள்ள படங்கள். இதில் ஒரு சூரியன். சுற்றிலும் கதிர். எப்படித் திருப்பினாலும் சூரியன் சூரியனாகவே இருந்தது. நடுவில் ஒரு வரி ஹிந்தி எழுத்து.

கணக்கப்பிள்ளை அன்று லாரிக்காரரோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். லேபிளை வீசிவிட்டுப் போய்விட்டார். அக்கா ஒன்றை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

“ஏ புள்ள, இதுல எது மேல?”

நானும் எடுத்துப் பார்த்தேன். எழுத்துகளை ஒட்டி ஒரு நீளக் கோடு ஓடியது. எனக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. முக்கியமான வார்த்தைக்கு அடியில் வாத்தியார் கோடு போடுவார். தலைப்பு எழுதினால் அடியில் கோடு போடச் சொல்வார். கோடு என்றால் அடியில்தானே? லேபிளைத் திருப்பிக் கோட்டைக் கீழே கொண்டுவந்தேன். எழுத்தெல்லாம் தந்திக் கம்பியில் உட்கார்ந்த குருவி மாதிரி வரிசையாக நின்றது. பார்க்க அழகாகக்கூட இருந்தது.

“கோடு கீழக்கா. எழுத்து அதுமேல நிக்கும்” என்றேன்.

“எனக்கென்னமோ கொடியில துணி காயப்போட்டாப்புலல்லா தெரியுது. தொங்குதே.”

“எழுத்து எங்கயாவது தொங்குமாக்கா?”

அவள் சிரித்தாள். “அதுவுஞ் சரிதான். நாலெழுத்துப் படிச்சவ நீ சொன்னாச் சரி.”

அன்றும் மறுநாளும் நாங்கள் இரண்டு பேரும்தான் அந்தக் கட்டை ஒட்டினோம். மற்றவர்கள் மானும் யானையும் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். என் பெட்டிகளும் அவளுடைய தட்டில்தான் காய்ந்தன. எல்லாத் தட்டிலும் பொட்டு.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, சரியாக நினைவில்லை, கணக்கப்பிள்ளை ஒரு பொட்டலத்தோடு கொட்டகைக்குள் வந்தார். சரக்குப் பார்க்க வந்த வடநாட்டு ஏஜெண்ட் பெட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு, மொதலாளிக்கு முன்னாலேயே சிரித்தாராம். கணக்கப்பிள்ளைக்கு முகமெல்லாம் கறுத்திருந்தது.

“பொட்டு யாரு?” என்றார், தெரியாதவர் மாதிரி.

“நாந்தான் அண்ணாச்சி” என்று அக்கா எழுந்து நின்றாள்.

“அம்புட்டையும் தலைகீழா ஒட்டி வச்சிருக்க. எழுத்து தெரியாத கழுதைகிட்ட லேபிளக் குடுத்தது எந் தப்பு. நாளையிலருந்து இந்தப் பக்கம் வராத.”

என் கையில் லேபிள் ஒன்று பசையோடு இருந்தது. நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்து, ‘நான் சொல்லித்தான் ஒட்டினாக, பாதிப் பெட்டி என்னுது’ என்று சொல்லவேண்டும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. பத்துக் கற்பனைகளில் பொய்ச்சாட்சி சொல்லக்கூடாது என்கிற கட்டளை எத்தனையாவது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. பசை விரலில் இறுகிக் காய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. தூக்குச்சட்டியை எடுத்தாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், வெளியே போனாள். அவள் போன வாசலில் வெயில் வெள்ளையாக நின்றது. அதற்குள் அவள் கரைந்துபோன மாதிரி இருந்தது.

அவள் போன பிறகுதான் கணக்கப்பிள்ளை மற்றவர்களுக்குச் சொன்னார்: “நல்லாக் கேட்டுக்கோங்க. கோடு மேல வரணும். வடநாட்டு எழுத்து கோட்டுலருந்து தொங்கும்.”

தொங்கும். அவள் சொன்ன அதே வார்த்தை.

அதற்கப்புறம் வந்த நாட்களை என்னால் நாட்களாகப் பிரிக்க முடியவில்லை. தண்ணீருக்கடியில் நடந்த மாதிரி இருக்கிறது. இடது பக்கம் காலியாக இருந்தது. ஜன்னல் காற்று இப்போது தடையில்லாமல் என் மேல் வந்தது. என் பெட்டிகள் நன்றாகக் காய்ந்தன. அந்தக் காற்று எனக்குப் பிடிக்கவில்லை. கண் செருகும்போதெல்லாம் ஒரு நீளக் கொடி தெரியும், அதில் எழுத்துகள் துணியாகத் தொங்கி ஆடும், காற்றில் ஒவ்வொன்றாகப் பிய்ந்து கரிசல் காட்டுப் பக்கம் பறக்கும். விழித்தால் கையில் சூரியன்.

எனக்கு அந்த வருஷம் திடப்படுத்தல். பேராயர் வந்து தலையில் கைவைத்து ஜெபிப்பார், அன்றைக்கே முதல் திருவிருந்து, அப்பமும் ரசமும் வாங்குவது. அதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அம்மா விருதுநகரில் இருக்கிற சித்தியிடமிருந்து வெள்ளைச் சேலை இரவல் வாங்கி வந்து, நீலம் முக்கி, மடித்து, தலையணைக்குக் கீழே வைத்திருந்தாள். தினம் ஒருதரம் எடுத்துப் பார்ப்பாள்.

“ஏட்டி, ஏன் இப்படி எலியா இளைச்சுக்கிட்டே போற? பேராயர் கைய வைக்கும்போது தல நிக்கணுமா வேண்டாமா? சாப்புடு.”

“பசிக்கல.”

“படிச்சு முடிச்ச வசனத்தையே படிச்சா எப்படிப் பசிக்கும்?”

உண்மைதான். நான் முன்னைவிட அதிகமாக வசனம் சொன்னேன். யாருக்காவது நம்மேல் குறை இருந்தால், காணிக்கையைப் பீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் அவரிடம் போய் என்ன செய்யவேண்டும் என்று சொல்கிற பகுதி ஒன்று உண்டு. வேதம் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். அதை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் மறுபடியும் ஒப்பிக்கிற மாதிரி ஆகிவிடும். அந்தப் பகுதியை மட்டும் நான் ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லியிருப்பேன். அதைச் சொல்லிக்கொண்டே அக்காவின் தெரு முனையைக் கடந்து வீட்டுக்கு வந்துவிடுவேன். கால் அந்தத் தெருவில் திரும்பாது.

எனக்கு நானே நியாயங்கள் வைத்திருந்தேன். சொன்னால் என் வேலையும் போகும். போனால் அம்மா என்ன செய்வாள்? அக்காவுக்கு நிலம் இருக்கிறதே. அதோடு, அக்காவுக்கு நடந்ததெல்லாம் தெரியும், தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் போனாள், பெரிய மனசு, நான் போய்க் கிளறவேண்டாம். இந்தக் கடைசி நியாயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனேன். வீட்டில் இல்லை, காட்டில் பருத்தி எடுக்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். நடந்தேன். கரிசல் காட்டில் பருத்தி வெடித்து நிற்கிற நாட்களில் தூரத்திலிருந்து பார்த்தால் தரை எது வானம் எது என்று தெரியாது. கறுப்பு மண்ணுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் வெள்ளை மிதக்கும். அதற்குள் பெண்கள் இடுப்பளவு முங்கி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். சத்தமே இல்லை. அவளை நான் முதுகை வைத்தே கண்டுபிடித்தேன்.

“அடடே, படிச்ச புள்ள! எங்க இம்புட்டுத் தூரம்?”

மடியில் கட்டிய பருத்தியோடு நிமிர்ந்து சிரித்தாள். கையெல்லாம் காய்ந்த பருத்திக்காயின் முனை கீறி இருந்தது. நான் சொல்ல வந்ததை ஆரம்பிக்கும் முன்னால் அவளே ஆரம்பித்தாள்.

“ஒன்னையப் பாக்க எனக்கே வெக்கமா இருக்கு புள்ள. நீ கிளிப்புள்ளைக்குச் சொல்றாப்புலல்லா சொன்ன, கோடு கீழன்னு. எனக்குத் தொங்குற மாதிரியே கண்ணுக்குள்ள நின்னுச்சா, கை அப்படியே தொங்கவிட்டு ஒட்டிருக்கு போல. மண்டையில ஏறல. எங்க வீட்டுக்காரரு கூடக் கேட்டாரு, சூரியனக்கூட ஒனக்குத் தலைகீழா ஒட்டத் தெரியுமான்னு.”

அவளுக்கு ஒன்றும் தெரியாது. பெரிய மனசும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் சொன்னது சரி, தன் கைதான் தப்பு என்று நம்பிக்கொண்டிருந்தாள். அவள் கண் சரியாகப் பார்த்தது. அந்தக் கண்ணையே இப்போது அவள் நம்பவில்லை.

வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: “கவலப்படாதீகக்கா. ஆண்டவர் பாத்துக்கிடுவாரு.”

“எந்த ஆண்டவரு? ஒங்க ஆண்டவரா, எங்க ஆண்டவரா?”

“எல்லாருக்கும்…”

“ரெண்டுபேரும் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும். அதுவரைக்கும் நான் பருத்தி எடுக்கேன்” என்று சொல்லிச் சிரித்துவிட்டு, வரப்போரம் படர்ந்திருந்த மிதுக்கங்காயைப் பறித்துப் பறித்து என் முந்தானையில் போட்டாள். “அம்மாகிட்டக் குடு, வத்தல் போடச் சொல்லு.”

மன்னிப்புக் கேட்கப் போனவள் மடி நிறையக் காயோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா வத்தல் போட்டாள். என்னால் அதைத் தின்ன முடியவில்லை.

திடப்படுத்தலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கடைசி வகுப்பு. உபதேசியார் எங்கள் ஊர்க் கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர், நல்ல மனுஷன், எப்போதும் ஏதோ பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி பேசுவார். பன்னிரண்டு பேரை வரிசையாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். பேராயர் கேட்டால் யாரும் முழிக்கக்கூடாது என்று அவருக்குக் கவலை. என் முறை வந்தது.

“திருவிருந்துக்கு வர்றதுக்கு முன்னால பாவத்த என்ன செய்யணும்?”

எனக்குத் தெரிந்த பதில். நூறு தடவை சொன்ன பதில். ஒப்புக்கொண்டு அறிக்கையிட வேண்டும். ஆனால் என் நாக்கு அதன் பழைய தடத்திலேயே போய்விட்டது.

“ஒப்பிக்கணும் ஐயா.”

கோயிலே சிரித்தது. உபதேசியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “ஒப்பிக்கிறதுக்கு அது என்ன பெருக்கல் வாய்ப்பாடா? ஒப்புக்கொள்ளணும். சரி, அடுத்த ஆள்” என்று அவர் பாட்டுக்குப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு நாக்குத் தவறு. வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் வாசலில் நின்று “ஒப்பி, ஒப்பி” என்று கேலி பண்ணினார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கிணற்றடிவரை வந்தேன். அந்தத் திண்டில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வாரமாக நான் செய்தது அதுதானே. வாய்ப்பாடு.

மறுநாள் சனிக்கிழமை. விடிந்து கொஞ்ச நேரத்தில், ஆபீசுக்குக் கிளம்பிய தூக்குச்சட்டியோடு அந்தத் தெருவில் திரும்பினேன். அக்கா வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள்.

“வா புள்ள. என்ன காலங்காத்தால?”

“அக்கா, தொங்குறதுதான் சரி.”

“என்னது?”

“அந்த எழுத்து. கோடு மேலதான் வரணும். நீங்க சொன்னதுதான் சரி. நாந்தான் தப்பாச் சொன்னேன். நீங்க நான் சொன்னபடிதான் ஒட்டுனீக. ஒங்க கை தப்புப் பண்ணல. பாதிப் பெட்டி என்னுது. நான் அன்னைக்குப் பேசாம இருந்துட்டேன்.”

அவள் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். நான் என்ன எதிர்பார்த்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ‘போகுது விடு தாயி’ என்று சொல்லிக் கட்டிக்கொள்வாள் என்று வழிநெடுக நினைத்துக்கொண்டே வந்திருந்தேன்.

“எனக்குத் தொங்குறாப்புல தெரிஞ்சது சரிதானா?” என்றாள் மெதுவாக.

“சரிதான்க்கா.”

“இத்தன நாளா என்னைய நானே ஏசிக்கிட்டு இருந்தேனே புள்ள. கண்ணு போச்சா, புத்தி போச்சான்னு. காட்டுல வந்து நின்னியே. நான் அம்புட்டும் சொன்னேன். அப்பயும் வாயத் தொறக்கல. காயக் கட்டிக்கிட்டுப் போன.”

தூக்குச்சட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினேன்.

“நாளைக்கு ஒங்க கோயில்ல வெள்ளச்சேல கட்டப்போறியாமே. அதுக்காகத்தான் வந்தியா?”

இல்லை என்று சொல்ல முடியவில்லை. “அதுக்காகவுந்தான். ஒங்களுக்காகவுந்தான்” என்றேன்.

“ரெண்டுக்கும் ஒரே சொல்லா?” என்றாள். கோபத்தில் அவளுடைய மூக்கு நுனி துடித்தது. “எனக்காக வந்தியன்னா எங் காதுல சொல்லி என்ன? என்னைய எங்க வச்சுக் கழுதன்னு சொன்னானோ அங்கன வந்து சொல்லு. அத்தன பொம்பளைக முன்னாடியும் சொல்லு. நானும் வாரேன், நட.”

அந்த ஒரு மைலும் அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால் நடந்தேன். பனி விலகாத காலை. ஓடைப் பக்கம் கருவேல மரங்கள் பாதிவரை காணாமல், மேல்பாதி மட்டும் காற்றில் நின்றன. எங்களுக்கு முன்னால் போன பெண்களின் பேச்சு வார்த்தையாக வராமல் இரைச்சலாக வந்தது. நான் சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தேன். வேலை போய்விடும். போனால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன்? வழியில் ஒரு கல் தடுக்கி விழுந்து கால் முறிந்தால் நன்றாக இருக்குமே என்றுகூட நினைத்தேன். ஒரு கல்லும் தடுக்கவில்லை.

கொட்டகையில் எல்லாரும் அப்போதுதான் உட்கார்ந்து பசை கலக்கிக்கொண்டிருந்தார்கள். அக்காவைப் பார்த்ததும் கணக்கப்பிள்ளை, “எங்க வந்த?” என்றார்.

“இந்தப் புள்ள ஏதோ சொல்லணுமாம், கேளுங்க.”

நான் நடுவில் போய் நின்றேன். கையைக் கட்டிக்கொண்டேன். கண்ணை மேலே வைத்துக்கொண்டேன். பரிசு வாங்குகிற மேடையில் நிற்கிற மாதிரி நின்றிருக்கிறேன், எனக்கே தெரியாமல். “போன மாதம் ஒட்டிய சூரியன் லேபிளானது…” என்று ஆரம்பித்தேன். ராகம் வந்துவிட்டது.

“ராகம் போடாத” என்றாள் அக்கா. “பேசு.”

பேசினேன். எப்படிப் பேசினேன் என்று தெரியாது. திக்கித் திக்கி, முன்னுக்குப் பின்னாக, “அண்ணாச்சி, நாந்தான் கோடு கீழன்னேன்… அவுக தொங்குதுன்னுதான் சொன்னாக, நாந்தான் இல்லன்னேன்… பெட்டி என்னுதுந்தான், காத்துக்காக அங்கன வச்சேன்…” மூக்கிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

அப்புறம் மூலையிலிருந்து ஒரு பெரியம்மா, “கோட்டக் கீழ போடணும்னு ஒனக்கு யாரு சொன்னா?” என்று கேட்டாள்.

“பள்ளிக்கூடத்துல… தலைப்புக்கு அடியில கோடு…”

கொட்டகை வெடித்துச் சிரித்தது. “அடி ஆத்தே, டீச்சரம்மா!” “வடநாட்டானுக்கே பாடம் நடத்திட்டாளே!” அன்றிலிருந்து நான் அந்த ஆபீசில் ‘டீச்சரம்மா’. வேலை பார்த்த ஒன்பது வருஷமும் அந்தப் பேர்தான்.

கணக்கப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அக்காவைப் பார்த்து, “நீயாவது அன்னைக்கே சொல்லப்படாதா, அவதான் சொல்லிக்குடுத்தான்னு?” என்றார்.

“நீங்க கேட்டீகளா அண்ணாச்சி? கழுதன்னீக, போன்னீக. கழுத போயிருச்சு.”

அவர் காதைச் சொறிந்துகொண்டார். “சரி சரி. சீசன் நேரம். லோடு நிக்குது. போய் ஒன் எடத்துல உக்காரு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ இனிமே லேபிளத் தொடாத. திங்கக்கிழமையிலருந்து பக்கத்துக் கொட்டகையில குச்சி அடுக்கு. அதுல மேல கீழ கிடையாது.”

அதற்கும் ஒரு சிரிப்பு. குச்சி அடுக்குவது முதுகை ஒடிக்கிற வேலை. சட்டத்தில் ஒவ்வொரு குச்சியாக நிறுத்தவேண்டும். ஆனாலும் வேலை போகவில்லை. நான் தலையை ஆட்டினேன். வெளியே வரும்போது அக்காவின் இடத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். அவள் அதற்குள் உட்கார்ந்து தட்டில் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா” என்றேன்.

“நான் இன்னும் ஒம் மேல கோவமாத்தான் இருக்கேன்” என்றாள், நிமிராமல்.

“சரிக்கா.”

“திங்கக்கிழமையும் கோவமாத்தான் இருப்பேன். நீ நாளைக்குப் போயிட்டு வா.”

மறுநாள் வெள்ளைச் சேலை கட்டினேன். சித்தி என்னைவிட உயரம், சேலை தரையில் புரண்டது. பேராயர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவருடைய கை என் தலையில் இறங்கியபோது அது கனமாக, சூடாக, சாதாரண மனுஷருடைய கையாக இருந்தது. கோயில் ஜன்னல் வழியாக வந்த வெயிலில் தூசி பொன்னாக மிதந்தது. பாட்டுச் சத்தம் எங்கேயோ அடுத்த ஊரிலிருந்து வருவது மாதிரி கேட்டது. மனசு இறகு மாதிரி ஆகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியொன்றும் ஆகவில்லை. அவள் கோபமாக இருக்கிறாள் என்ற நினைப்போடுதான் முழங்காலில் நின்றேன். நான் மனப்பாடம் பண்ணிய பகுதியில், முதலில் போ என்று இருக்கிறது. போனவளை அவர்கள் உடனே ஏற்றுக்கொள்வார்கள் என்று எந்த இடத்திலும் இல்லை. அத்தனை தடவை ஒப்பித்தும் இதை நான் கவனித்ததில்லை. அந்த அப்பத்தை வாங்கினேன்.

எனக்குப் பயம் போய்விட்டது என்று யாரும் நினைத்துவிடவேண்டாம். இதை எழுதுகிற இன்றைக்கும் வாசல் கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவள்தான் நான். தெரிந்ததைச் செய்யாமல் விட்ட நாட்கள் அதற்குப் பிறகும் எத்தனையோ உண்டு. ஆனால் ஒரு வசனத்தைச் சொல்லும்போது தானாக ராகம் வந்தால் இப்போதும் நிறுத்திக்கொள்வேன்.

அக்கா சொன்னபடியே கோபமாக இருந்தாள். பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. ஆபீசுக்குப் போகிற பாதையில் அவள் எனக்கு முன்னால் நடப்பாள், நான் பின்னால் நடப்பேன். சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் எனக்கு முதுகு காட்டி உட்காருவாள். ஒரு தடவை நான் அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன், வாங்கிக் குடித்தாள், சொம்பைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். அதையும் நான் எடுத்துக்கொண்டேன். அவளுக்குச் சேரவேண்டிய கோபம் அது.

ஆடி மாசக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், வேலை விட்டு எல்லாரும் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு நடந்துகொண்டிருந்தோம். முன்னால் போனவள் நின்றாள். நான் பக்கத்தில் வரும்வரை நின்றாள். புழுதிக்காகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“ஒங்க அம்மாவுக்குக் காய்ச்சல்னாகளே, இப்ப எப்படி இருக்காக?”

“தேவலக்கா. நேத்துலருந்து கஞ்சி குடிக்காக.”

“ம்” என்றாள். அன்றைக்கு வீடுவரை பக்கத்தில் நடந்தாள்.